தகப்பன் பெயரில் தேடுவதா, பிள்ளை பெயரிலா?

ஆசிரியர் அவர்கட்கு,

நொத்தாரிசு ஒருவரிடம் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். அண்மையில் இணையக் காப்பகமொன்றில் பழைய உறுதிப் பத்திரங்களைத் தேடினேன். ஒரே ஆளின் உறுதிகளில் ஒன்று தகப்பன் பெயரின் கீழ், மற்றது சொந்தப் பெயரின் கீழ். 'பிரபவ வருடம்' எழுதிய கடன்சீட்டொன்றை 1987 என்று பதிந்திருக்கிறார்கள். முத்திரையில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை! அது 1927 அல்லவா?

ஆவணங்களை விவரித்துப் பதிவதற்கான, சர்வதேச ஆவணக் காப்பகப் பேரவையின் பொது விவரணத் தரம் 1994இல் வந்து, 2000இல் திருத்தப்பட்டது. ஆக்கியோர் பெயரும் திகதியும் அதில் இன்றியமையாதவை. அந்தந்த நாட்டு விதிகளோடு சேர்த்துக் கையாளும்படியும் அதுவே சொல்கிறது. எங்கள் பெயர் முறைக்கும் அறுபது வருடச் சுற்றுக்கும் பேரவை இருக்கும் பாரிஸிலிருந்தா விதி வரும்? இங்குள்ள காப்பகங்களும் பல்கலைக்கழக நூலகமும் கூடியிருந்து எழுதட்டும். அதுவரை ஸ்கான் செய்யும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் குற்றமில்லை.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
நல்லூர்.