எது இனவெறி என்று முடிவு செய்வது யார்? மாநிலக் காவல்துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காவல்துறைத் தலைமை இயக்குநர்களுக்கு,

வணக்கம். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா மாநிலங்களிலிருந்தும் நீங்கள் ஓரிடத்தில் கூடிப் பேசுகிறீர்கள். எல்லைப் பாதுகாப்பு, பயங்கரவாதம், இணையக் குற்றம் என்று தலைபோகிற விஷயங்கள் நிறைய இருக்கும். அவற்றுக்கு நடுவே ஓர் அரை மணி நேரம் ஒதுக்கக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஏதாவது ஒரு தாக்குதல் நடந்ததும், "இதில் இனவெறி எதுவும் இல்லை" என்று ஓர் அறிவிப்பு வருகிறதே, அதை யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

2016 ஜனவரி கடைசி நாள், பெங்களூரு ஹெசரகட்டா சாலையில் சூடான் நாட்டு மாணவர் ஒருவரின் கார் மோதி ஒரு பெண் இறந்துபோனார். சற்று நேரம் கழித்து வேறொரு காரில் அந்த வழியாக வந்த தான்சானிய மாணவியைக் கூட்டம் வெளியே இழுத்து அடித்தது, காரைக் கொளுத்தியது. அவருக்கும் விபத்துக்கும் இருந்த ஒரே சம்பந்தம், அவரும் ஆப்பிரிக்கர் என்பது. இது இனவெறி இல்லை, விபத்தைப் பார்த்த ஆத்திரம் என்றார் கர்நாடகத்தின் அன்றைய உள்துறை அமைச்சர் பரமேஸ்வரா. அடுத்த ஆண்டு மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பள்ளி மாணவன் இறந்ததற்கு, சம்பந்தமே இல்லாத நைஜீரிய மாணவர்களைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். தில்லியிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்கள் சேர்ந்து, இது வெளிநாட்டவர் வெறுப்பு, இனவெறி என்றே அறிக்கை விட்டார்கள். விசாரணை முடிவதற்குள் அப்படிச் சொல்லக் கூடாது என்று பதில் சொன்னது நம் அரசு. 2025 டிசம்பரில் டேராடூனில் திரிபுரா மாணவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டு, அந்த மாதக் கடைசியில் இறந்தார். இனத்தைச் சொல்லி வைததில் தொடங்கிய சண்டை என்றது குடும்பம். அதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது காவல்துறை.

ஊர் வேறு, மொழி வேறு, ஆளும் கட்சியும் வேறு. பதில் மட்டும் அச்சடித்த மாதிரி ஒன்றாகவே இருக்கிறது. அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பலர் உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்கள். என் கவலையும் அதுதான். பொய்யென்றால் அதை உடைக்கச் சான்று தேடலாம். நம்பிக்கையை என்ன செய்வது?

இந்த நாட்டில் எது இனவெறி என்பது, கேட்கப்படும் ஊரைப் பொறுத்து மாறுகிறது. தில்லிக்காரரிடம் கேளுங்கள்: மும்பையில் இந்தி பேசுகிறவர்களை அடித்தார்களே, அதைச் சொல்வார். தில்லியின் முனிர்கா பகுதியில் ஒரு நாகா பெண்ணுக்கு வீடு கிடைக்காததைக் கேட்டால், "அவங்க சமையல் வாடை ஒத்துக்காது" என்பார். மும்பையில் 1960களில் சிவசேனையின் "பஜாவ் புங்கி, ஹட்டாவ் லுங்கி" (ஊதலை ஊது, லுங்கியை விரட்டு) முழக்கத்தைக் கேட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு அது இன்றும் மறக்கவில்லை. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் சென்னையில் உட்கார்ந்து 'வடக்கன்' மீம் பகிர்கிறார்கள். கேட்டால், அது அரசியல், அது வேறு என்று விளக்கம் வரும். பெங்களூரு உலக நகரம், இங்கே அப்படியெல்லாம் இல்லை என்பார்கள். 2012 ஆகஸ்டில், தங்களைத் தாக்கப் போகிறார்கள் என்று குறுஞ்செய்தியில் வந்த ஒரு வதந்திக்கே பயந்து வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் குவாஹாட்டி ரயில் ஏறியது இதே ஊரிலிருந்துதான். ரயில்வே சிறப்பு ரயில் விட வேண்டிய அளவுக்கு நடைமேடைகள் நிரம்பின. வெறும் குறுஞ்செய்திக்கு ஒரு மனிதர் வேலையையும் வாடகை முன்பணத்தையும் விட்டுவிட்டு ஓடுகிறார் என்றால், அதற்கு முன்பே அந்த ஊர் அவருக்கு என்னவாக இருந்திருக்கும்?

தமிழர்களாகிய எங்களுக்கு இது தெளிவாகப் புரிந்த ஒரு சந்தர்ப்பம் 2017 ஏப்ரலில் வந்தது. கிரேட்டர் நொய்டா தாக்குதல் பற்றிய தொலைக்காட்சி விவாதத்தில், பாரதிய ஜனதாவின் முன்னாள் எம்.பி. தருண் விஜய், இந்தியர்கள் இனவெறியர்களாக இருந்தால் கறுப்பான தென்னிந்தியர்களோடு எப்படிச் சேர்ந்து வாழ்வோம் என்ற பொருளில் பேசினார். திருவள்ளுவருக்கு ஹரித்வாரில் சிலை வைக்கப் பாடுபட்டவர் அவர். தமிழ் மேல் அவருக்கு இருந்த பற்று நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். தன் பேச்சில் என்ன தப்பு என்பது பேசும்போது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தமிழ்நாடு கொதித்தது, அவர் மன்னிப்புக் கேட்டார். சரி. அந்தக் கொதிப்பில் நைஜீரிய மாணவர்களுக்காக எவ்வளவு, எங்கள் நிறத்துக்காக எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் கணக்கு எங்களுக்குப் பெருமையாக வராது.

வடகிழக்கும் விதிவிலக்கில்லை. தில்லியில் தங்களுக்கு நடப்பதை நூறு சதவீதம் சரியாகச் சொல்லும் இளைஞர்களில் சிலருக்கு, ஷில்லாங்கில் பல தலைமுறையாக வாழும் வங்காளிகளின், பஞ்சாபிகளின் புகார் மிகையாகத் தோன்றும். மணிப்பூரின் மோரே எல்லையூரில் தமிழர்கள் இருக்கிறார்கள். பர்மாவிலிருந்து 1960களில் வெளியேற நேர்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். அங்கே அங்காள பரமேஸ்வரி கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். அங்கே இருக்கும்வரை அவர்கள் வெளியாட்கள். படிக்கவோ பிழைக்கவோ சென்னைக்கு வந்தால், இங்கும் "எந்த ஊர்? தமிழ் எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்கள். எது இனவெறி என்று கண்டறிய ஒரு குழு போடுவதாக இருந்தால் முதலில் இவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

இனி, நானே பார்த்த ஒன்று. எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் மணிப்பூரைச் சேர்ந்த இரண்டு பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள், அழகு நிலையத்தில் வேலை. ஓர் இரவு வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் நாலைந்து பேர் வழக்கமான வசையைத் தொடங்கியிருக்கிறார்கள்: சப்பை மூக்கு, சைனா, கொரோனா. ஒரு பெண் போனை எடுத்துப் படம்பிடிக்க, ஒருவன் அதைத் தட்டிவிட்டு அவர் கையை முறுக்கினான். திரை நொறுங்கிப்போனது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. புகார் கொடுக்க மொழி தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள், போனேன்.

நிலையத்தில் எங்களை யாரும் விரட்டவில்லை. ஏட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். புகாரில் அந்த மூன்று வசைகளையும் அப்படியே எழுதியிருந்தோம். அவர் படித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கும்மா? எங்க ஊர்ப் பசங்க எல்லாரையும் இப்படித்தான் கிண்டல் பண்ணுவாங்க. குண்டா இருந்தா குண்டான், குட்டையா இருந்தா குள்ளன். போன் உடைஞ்சது, கை வலிக்குது, அதை மட்டும் எழுதுங்க, கேஸ் நிக்கும்" என்றார். நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனைதான். கடைசியில் கையில் கிடைத்த சி.எஸ்.ஆர். ரசீதில் (புகாரைப் பெற்றதற்கு நிலையத்தில் தரும் ரசீது) 'செல்போன் தொடர்பான வாய்த்தகராறு' என்று இருந்தது. மூக்கும் இல்லை, சைனாவும் இல்லை.

ரசீதுக்குக் காத்திருந்த நேரத்தில் அவர் பழைய கதை பேசினார். தமிழ்நாடு சிறப்புக் காவல் படையில் இருந்தபோது தில்லி திகார் சிறைக் காவலுக்குப் போயிருந்தாராம். கடைத்தெருவுக்குப் போனால் 'மதராசி', 'காலியா' (கறுப்பன்) என்று கூப்பிடுவார்களாம். ஒருமுறை ஒரு கடைக்காரரின் சட்டையைப் பிடித்து, மேலதிகாரியிடம் திட்டு வாங்கியிருக்கிறார். அத்தனை வருடம் கழித்தும் சொல்லும்போது முகம் சிவந்தது. "பேரச் சொல்லிக் கூப்பிட்டா என்ன சார் குறைஞ்சிடும் அவனுக்கு?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும். 'மதராசி' புரிந்திருக்கும். என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஏட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் படையில் இருக்கும் நல்ல மனிதர்களில் அவரும் ஒருவர். தனக்கு நடந்தது அவமானம், தன் ஊரில் இன்னொருவருக்கு நடப்பது கிண்டல் என்று எல்லாருக்கும் தோன்றுவதுதான் அவருக்கும் தோன்றியது. அவருக்குத் தோன்றியது ரசீதில் ஏறிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 2014 ஜனவரியில் தில்லி லாஜ்பத் நகரில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி பெஸ்பரூவா தலைமையில் மத்திய அரசு குழு அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை வந்தது. இனத்தின் பெயரால் இழிவுபடுத்துவதைத் தண்டிக்க, இந்திய தண்டனைச் சட்டத்தில் 153சி, 509ஏ என்று இரண்டு புதிய பிரிவுகளைச் சேர்க்கச் சொன்னது. தண்டனைச் சட்டமே மாறி, 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அந்த இரண்டு பிரிவுகளும் வரவில்லை. புதிய சட்டத்தின் 103(2) பிரிவில் இனம், பிறப்பிடம், மொழி காரணமான கொலைக்கு இடமுண்டு. ஆனால் ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்திருக்க வேண்டும். நான்கு பேர் என்றால் சாதாரணக் கொலைக் கணக்கில் போய்விடும், நோக்கம் என்ன என்பது எந்தப் பட்டியலிலும் வராது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். வடகிழக்கு மக்களை இழிவாகப் பேசுகிறவர்கள் மேல் அதைப் பயன்படுத்தச் சொல்லி உள்துறை அமைச்சகம் 2012இல் மாநிலங்களுக்கு எழுதியது உண்மை. பழங்குடிப் பட்டியலோ மாநிலவாரியாக இருக்கிறது. நாகாலாந்தில் பழங்குடியாக இருப்பவரின் பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலில் கிடையாது, தில்லிக்குப் பட்டியலே கிடையாது. அங்கிருந்து இங்கே வந்தவருக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்று நிலைய ரைட்டர் தயங்குவதில் ஆச்சரியமில்லை. மணிப்பூரின் பெரும்பான்மையினரான மெய்தெய் மக்களோ சொந்த மாநிலத்திலும் பழங்குடிப் பட்டியலில் இல்லை. எங்கள் மேல்மாடிப் பெண்கள் மெய்தெய்கள்.

சட்டத் திருத்தம் உங்கள் கையில் இல்லை, தெரியும். பதிவு செய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. அரசியலமைப்பில் காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. தில்லியை யாரும் கேட்க வேண்டியதில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

லண்டனில் 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பேருந்து நிறுத்தத்தில் குத்திக் கொல்லப்பட்ட வழக்கைப் போலீஸ் கோட்டை விட்டது. அதை விசாரித்த மெக்ஃபர்சன் குழு 1999இல் ஒரு வரையறை கொடுத்தது: பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவம் என்று கருதினால், அது அப்படியே பதிவாக வேண்டும். அங்குள்ள காவல்துறை ஏற்றுக்கொண்டது. பதிவானால் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று பொருளில்லை, தண்டனைக்குச் சான்று வேண்டும், அது நீதிமன்றத்தின் வேலை. எந்தக் கோணத்திலிருந்து விசாரணை தொடங்க வேண்டும் என்பதை மட்டும் அடிபட்டவர் சொல்கிறார், அடித்தவரின் ஊர்க்காரர் சொல்வதில்லை.

எனக்கு வேண்டியது இதன் நம்மூர் வடிவம்தான். புகார்தாரர் சொன்ன வசைச்சொல் எதுவோ, அது முதல் தகவல் அறிக்கையிலும் சி.எஸ்.ஆரிலும் அதே சொல்லாக ஏற வேண்டும். 'தகராறு', 'கைகலப்பு' என்று சுருக்கக் கூடாது. இனம், நிறம், பிறப்பிடம், மொழி காரணமாக நடந்தது என்று புகார்தாரர் சொல்கிறாரா என்று ஒரு கட்டம், டிக் போடுவதற்கு. விசாரணை முடியும்வரை, 'இனவெறி இல்லை' என்று எந்த அதிகாரியும் செய்தியாளர்களிடம் சொல்லாமல் இருப்பது. இனவெறிதான் என்று சொல்லவும் வேண்டாம். அந்தக் கட்டத்தில் விழுந்த டிக்குகளை ஆண்டுக்கொருமுறை மாவட்டவாரியாக வெளியிடுவது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் மூத்த குடிமக்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. இதற்கு இல்லை. அதனால்தான் எந்த மாநிலமும் தன் ஊர் சுத்தம் என்று நம்ப முடிகிறது.

பொய்ப் புகார் குவியுமே என்று ஒரு பயம் வரும். இருக்கட்டும், பொய்ப் புகார் எந்தப் பிரிவில்தான் வரவில்லை? 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது, எங்கள் காவல்துறை மளமளவென்று மறுத்தது, தொழிலாளர்களுக்கு உதவி எண்கள் கொடுத்தது, பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது. மாநிலத்தின் பெயருக்குப் பங்கம் என்றால் உண்மையையும் பொய்யையும் பிரிக்க உங்களுக்கு நன்றாகவே தெரிகிறது. அதே சுறுசுறுப்பு ஒரு தனி மனிதரின் புகாருக்கும் இருந்தால் போதும்.

தில்லிக் காவல்துறையில் வடகிழக்கு மக்களுக்கென்று ஒரு தனிப்பிரிவும் 1093 என்ற உதவி எண்ணும் இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அது வடகிழக்குக்கு மட்டும். தில்லியில் அடிபடும் ஆப்பிரிக்க மாணவருக்கு அந்த எண் கிடையாது, திருப்பூரில் அடிபடும் ஒடியாத் தொழிலாளிக்கும் கிடையாது. எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெளிமாநிலத்தவர் அதிகமுள்ள ஓர் ஆணையரகத்தில் ஆறு மாதம் செய்து பாருங்கள். சென்னை முன்வந்தால் எனக்குத் திருப்தி. அப்படி யாராவது முன்வந்தால், நான் சொன்ன சி.எஸ்.ஆர். ரசீதையும், நாங்கள் முதலில் எழுதிக் கொடுத்த புகாரின் நகலையும், அந்தப் பெண்களின் ஒப்புதலோடு பெயர்களை நீக்கி அனுப்பிவைக்கிறேன். படிவம் தயாரிக்கும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு குடிமகன்