வெற்றிலைக்கூடை அம்மாவுக்கு நன்றி

சென்ற ஆண்டு ஜூன் கடைசியில், கும்பகோணத்தில் ஒரு கணினி மையத்தில் எனக்காக 850 ரூபாய் கொடுத்த அம்மாவுக்கு இந்த நன்றி. பெயர் கேட்கத் தோன்றவில்லை. இடுப்பில் காய்ச்சலோடு சின்னவன். பி.ஏ. மூன்றாம் ஆண்டுக் கட்டணத்துக்கு அன்றுதான் கடைசி நாள். வழியில் மருந்து வாங்கியதில் பணம் குறைந்துவிட்டது.

டெல்டாவில் ஜூன் பொல்லாத மாதம். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் குறுவைக்கு உழவுக்கூலி, விதை. அதே வாரங்களில் பள்ளி திறந்து பிள்ளைகளுக்கு நோட்டும் செருப்பும். கையில் காசு புழங்குவது சம்பா அறுக்கும் தை, மாசியில்தான். கல்லூரிக் கட்டணம் அதுவரை காத்திருக்குமா? கல்லூரி மாணவிகளுக்கு அரசு தரும் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் என்னைப் போலத் தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்களுக்குக் கிடையாது. பிள்ளை பெற்றபின் படிக்க வரும் எங்களையும் அரசு கணக்கில் எடுக்க வேண்டும்.

அம்மா, அன்று எனக்குப் பின்னால் நின்றிருந்தீர்கள். கூடையில் ஈரத்துணி சுற்றிய வெற்றிலைக் கவுளிகள். சுருக்குப்பையை அவிழ்த்து, நைந்த நோட்டுகளை எண்ணி என் கையில் வைத்தீர்கள்; வெற்றிலை வாசம் அடித்தது. "முதலில் ரசீதை வாங்கு தாயி, பிள்ளையை நான் பிடித்துக்கொள்கிறேன்" என்றீர்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் மகன் உங்கள் தோளில் தூங்கிவிட்டான்.

இந்தத் தை அறுவடைக்குப் பிறகு மூன்று முறை கடைத்தெருவில் தேடினேன். அம்மா, நான் தேர்ச்சி பெற்றுவிட்டேன். உங்கள் 850 ரூபாய் தனியாக முடிந்து வைத்திருக்கிறேன். அவரைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து இதைப் படித்துக் காட்டுங்கள்.