விக்டோரியா பப்ளிக் ஹாலின் நாடகத் தாள்களைக் காக்க நன்கொடை வேண்டுகோள்

நாடக அன்பர்களுக்கும், சென்னை நகர வரலாற்றில் ஈடுபாடு கொண்ட பெரியோர்களுக்கும் எங்கள் குழுவின் வணக்கம்.

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் இடையே சிவந்த செங்கற்சுவர்களோடு நிற்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலைச் சென்னையில் அறியாதவர் அரிது. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து மழையிலும் ஈரத்திலும் நலிந்த அக்கட்டடத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பைச் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின் கீழ் மாநகராட்சி ஏற்றது எங்களுக்குப் பெரும் நிறைவு அளிக்கிறது. ஆனால் அந்தக் கூரையின் கீழ் நடந்த நாடகங்கள், சொற்பொழிவுகள், கூட்டங்கள் ஆகியவற்றுக்குச் சான்றாக இருக்கும் காகிதங்கள் எவருடைய பொறுப்பிலும் இல்லை. நாடக நோட்டீசுகளும், நுழைவுச் சீட்டுகளும், சபாக்களின் ஆண்டறிக்கைகளும், ஒத்திகைக்காகக் கையால் எழுதிய வசனப் படிகளும், வேடம் பூண்ட நடிகர்களின் புகைப்படங்களும் பழைய குடும்பங்களின் மரப்பெட்டிகளிலும் பரண்களிலும் பொடிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தேடிச் சேர்த்து, செப்பனிட்டு, மின்படியாக்கி, எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வைப்பதற்காக அமைந்தது எங்கள் குழு. அதற்குப் பொருளுதவி கேட்டே இந்த வேண்டுகோளை விடுக்கிறோம்.

நன்கொடை கேட்பதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. ஏனெனில் அந்த அரங்கமே நன்கொடையால் எழுந்தது. சென்னைக்கு ஒரு நகர மன்றம் வேண்டும் என்று 1882 மார்ச்சில் பச்சையப்பன் மண்டபத்தில் நகரப் பிரமுகர்கள் கூடிப் பேசினார்கள். அங்கேயே 12 பேர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. அன்று பீப்பிள்ஸ் பார்க் என்று வழங்கிய பெரும் பூங்காவின் ஓர் ஓரத்தில், 57 மனை நிலத்தை, மனைக்கு 8 அணா என்ற வாடகையில், 99 ஆண்டுக் குத்தகைக்கு நகராட்சி அளித்தது. 1883 டிசம்பர் 17 அன்று விஜயநகரம் ஜமீன்தார் பூசபாடி ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். திருவிதாங்கூர், மைசூர், புதுக்கோட்டை அரசர்கள் முதலாகப் பலர் பணம் கொடுத்தார்கள். விக்டோரியா அரசியின் பொன்விழாவை ஒட்டி அவர் பெயரும் சூட்டப்பட்டது. பெயர் அரசியுடையதாயினும், அந்தக் கட்டடத்தை வேண்டியவர்களும் அதற்காக அலைந்தவர்களும் இந்த நகரத்து மக்கள்தாம் என்பதை நாங்கள் பெருமையோடு நினைக்கிறோம்.

வரைபடம் தந்தவர் ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் திருவனந்தபுரத்து நேப்பியர் அருங்காட்சியகமும் அவர் கைவண்ணமே. கோபுரத்தின் உச்சியில் திருவிதாங்கூர் பாணிக் கூம்புக் கூரை இருப்பதைக் கவனித்தவர்களுக்கு இந்தத் தொடர்பு விளங்கும். கட்டியவர், உயர்நீதிமன்றக் கட்டடத்தையும் கட்டிய தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டியார். கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் ஏறத்தாழ 600 பேர் அமரக்கூடிய கூடம் ஒவ்வொன்றும், கிழக்குப் பக்கத்தில் 200 பேருக்கு மேல் அமரக்கூடிய மர கேலரியும் உண்டு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் இவ்வளவு பெரிய கூட்டத்துக்குக் குரல் எட்டும்படி பேசியும் பாடியும் நடித்தும் பழகியவர்களின் திறமையை இன்று நாம் முழுமையாக உணர்வது கடினம்.

ஒரே கட்டடம் எத்தனை விதமாகப் பயன்பட்டது என்பதற்குச் சில நிகழ்ச்சிகளே போதும். மேலை நாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் தம் செயல்திட்டத்தை விளக்கிப் பேசியது இங்கேதான். அதே ஆண்டில் சென்னை மக்கள் முதன்முதலாகச் சலனப்படம் கண்டதும் இந்த அரங்கத்தில்தான் என்று திரை வரலாற்றாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். 1916 நவம்பர் 20 அன்று டி.எம். நாயர், பி. தியாகராய செட்டியார் முதலான பிராமணரல்லாத தலைவர்கள் கூடி, பின்னர் நீதிக்கட்சி என்று பெயர் பெற்ற இயக்கத்துக்கு வித்திட்டதும் இதே கூரையின் கீழ்தான். ஆன்மிகச் சொற்பொழிவு, திரைக்காட்சி, அரசியல் மாநாடு மூன்றையும் ஒரே வாசல் வழியாக வரவேற்ற இடம் வேறொன்று அன்றைய சென்னையில் இருந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை.

எனினும் அரங்கத்துக்கு உயிராக இருந்தது நாடகமே. 1891இல் பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சாரியாரின் சரச வினோதினி சபை இங்கே நடத்திய நாடகங்களைக் கண்ட இளைஞர் பம்மல் சம்பந்த முதலியார், கற்றவர்களும் மேடையேறலாம், ஏற வேண்டும் என்ற எண்ணம் கொண்டு, நண்பர்களோடு அதே ஆண்டில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நடிப்பை இழிதொழிலாக எண்ணிய காலம் அது. அந்தச் சூழலில் வழக்கறிஞர்களும் அரசு அலுவலர்களும் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு, கட்டணம் செலுத்தி வந்த பொதுமக்கள் முன் நின்றது சிறிய துணிவன்று. விடிய விடிய நடந்துவந்த நாடகத்தை, குறித்த நேரத்தில் தொடங்கிச் சில மணி நேரத்தில் முடிப்பதாக அவர் மாற்றி அமைத்தார். உரைநடை வசனத்துக்கு இடம் கொடுத்தார். ஷேக்ஸ்பியரைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். தமிழோடு தெலுங்கு முதலிய மொழிகளிலும் சபை நடித்தது. ஸ்திரீ பார்ட் எனப்படும் பெண் வேடம் ஏற்றவர்கள் அனைவரும் ஆண்கள். அவர்களுள் ரங்கவடிவேலு சம்பந்த முதலியாரோடு இணைந்து நடித்தவற்றை அக்கால ரசிகர்கள் நெடுங்காலம் பேசியிருக்கிறார்கள். இவற்றை நாம் அறிவதற்குப் பெரிதும் காரணம், சம்பந்த முதலியார் தம் மேடை அனுபவங்களை விரிவாக எழுதி வைத்ததே. எழுதி வைக்காத நூற்றுக்கணக்கான நடிகர்கள், ஆர்மோனியக்காரர்கள், மேடைத் திரைச்சீலைகளில் ஓவியம் தீட்டியவர்கள், விளக்குப் பிடித்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் நோட்டீசுகளின் அடிவரிகளிலும் கணக்குப் புத்தகங்களிலும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. எங்கள் முயற்சி முதன்மையாக அவர்களுக்காகத்தான்.

காத்து வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. அரங்கத்துக்கு அருகிலேயே 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், 1985இல் தீக்கு இரையானது. அங்கிருந்த பழைய புத்தகக் கடைகளோடு சாம்பலான தாள்களுக்குப் பட்டியல்கூடக் கிடையாது. பீப்பிள்ஸ் பார்க் பூங்காவில் இருந்த விலங்குக் காட்சிசாலை வண்டலூருக்குப் போயிற்று. பூங்காவும் துண்டு துண்டாகக் குறைந்து மறைந்தது. அதே சமயம், கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற ஒரு தனிமனிதர், பிறர் குப்பையில் போடும் நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் விடாமல் சேர்த்ததனால், அவர் பெயரால் சென்னையில் இயங்கும் ஆய்வு நூலகத்தில் அவை இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. ஒருவர் செய்ததை நாம் பலர் கூடிச் செய்ய முடியாதா என்பதே எங்கள் கேள்வி.

பணம் எதற்குச் செலவாகும் என்பதைத் தெளிவாகச் சொல்வது எங்கள் கடமை. நாடக நோட்டீசு ஓர் இரவின் தேவைக்காக மலிவான வண்ணக் காகிதத்தில் அச்சிட்டது. அக்காகிதத்தில் உள்ள அமிலமே நாளடைவில் அதை மஞ்சளாக்கி, மடித்த இடத்தில் முறியச் செய்கிறது. சென்னையின் ஈரக்காற்றும் பூச்சியும் மீதியை முடிக்கின்றன. அமிலத்தை நீக்கி, கிழிந்த இடங்களை மெல்லிய ஜப்பானியத் தாளாலும் மாவுப் பசையாலும் ஒட்டி, அமிலமற்ற உறைகளில் வைக்க வேண்டும். இந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்யலாம். ஒரு தாளுக்குச் சில நேரம் ஒரு முழு நாளே பிடிக்கும். எனவே நன்கொடையின் பெரும்பகுதி செப்பனிடுவோரின் ஊதியத்துக்கே செல்லும். அடுத்த செலவு, தாளை அழுத்தாமல் மேலிருந்து படமெடுக்கும் கருவி. அரங்கத்தில் நாடகமோ கூட்டமோ கண்ட முதியவர்களின் நினைவுகளைக் குரலாகப் பதிவு செய்வதும் எங்கள் திட்டத்தில் உண்டு; அதை நாங்கள் முதலில் தொடங்க விரும்புகிறோம், ஏனெனில் காகிதம் காத்திருக்கும் அளவுக்குக்கூட மனித ஆயுள் காத்திருப்பதில்லை. கட்டட வேலைக்கோ விழா மேடைக்கோ இந்த நிதியிலிருந்து ஒரு ரூபாயும் செலவிடப்படாது. குழு உறுப்பினர் எவருக்கும் ஊதியம் இல்லை.

500 ரூபாயானாலும் மகிழ்வோடு ஏற்போம். காசோலையாகவோ வங்கி வழியாகவோ அளிக்கலாம். ரொக்கம் பெறுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தரப்படும். தணிக்கை செய்த வரவுசெலவுக் கணக்கு ஆண்டுதோறும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். வருமான வரி விலக்குக்கு விண்ணப்பித்திருக்கிறோம், ஆனால் அது இன்னும் கிடைக்கவில்லை; ஆகையால் அதை எதிர்பார்த்து எவரும் பணம் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பெயர் வெளியிட விரும்பாதவர்கள் படிவத்தில் அவ்வாறு குறித்தால் போதும்.

பணம் தர இயலாதவர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ சபாவில் நடித்தவர், பாடியவர், உறுப்பினராக இருந்தவர் என்று வீட்டில் பேச்சு இருந்தால், பழைய பெட்டிகளை ஒருமுறை திறந்து பாருங்கள். கிடைக்கும் தாள்களை எங்களுக்கே கொடுத்துவிட வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் கண்ணெதிரிலேயே படமெடுத்துக்கொண்டு, மூலத்தை உங்களிடமே விட்டுச் செல்வோம். அதுவரை அவற்றுக்கு செலோ டேப் ஒட்ட வேண்டாம், லாமினேட் செய்ய வேண்டாம், வெயிலில் உலர்த்த வேண்டாம். மடிப்பை வலிந்து நீட்டாமல், வெள்ளைத் தாள்களுக்கு இடையில் வைத்து, தரையிலிருந்து உயரமான உலர்ந்த இடத்தில் வைத்திருந்து, இணைப்புப் படிவத்தின் இரண்டாம் பகுதியை நிரப்பி எங்களுக்கு அனுப்பினால், எங்கள் உறுப்பினர் ஒருவர் உங்களோடு தொடர்பு கொள்வார்.

இவண்,
குழு உறுப்பினர்கள்