தோணாமல் இல்லை ஐயா, சொல்வதில்லை: ரங்கூன் தமிழ் முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதலாளிமார்களுக்கும், கடையைத் தாங்கி நடத்தும் அம்மாமார்களுக்கும்,

வணக்கம். உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். பயின்னவுங் சந்தைப் பக்கம் பருப்பு, பயறு குடோன்களில் 26 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மூன்று முதலாளிகளைப் பார்த்துவிட்டேன். மூவரும் நல்லவர்கள்தான், தீபாவளிக்குத் துணியும் போனசும் கொடுக்காமல் விட்டதில்லை. ஆகவே இதைச் சம்பளம் கேட்கிற மடல் என்று நினைத்துவிட வேண்டாம். (அதுவும் கேட்க வேண்டியதுதான். இன்னொரு நாள் பார்ப்போம்.)

போன மாதம் ஒரு காதுகுத்து விருந்தில் பெரியவர் ஒருவர் சொன்னார்: "இப்ப உள்ள பிள்ளைங்களுக்குச் சொந்தமா எதுவும் தோணாது. சொன்னதைச் செய்வானுங்க, அதோட சரி." பந்தியில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. தோணாமல் இல்லை ஐயா, தோன்றியதை உங்களிடம் சொல்வதில்லை. ஏன் என்பதற்கு நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

முன்பு நான் இருந்த ஒரு குடோனில் சாக்குத் தைக்க ஒரு பர்மியப் பெண் இருந்தார். நாற்பது வயதிருக்கும். காலையிலிருந்து பொழுது சாயும்வரை குந்தி உட்கார்ந்து உளுந்து மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைப்பது அவர் வேலை. மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். எது முந்தி வந்த சரக்கு, எது பிந்தி வந்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. சாக்கில் மையால் எழுதிய தேதி, இழுத்து இழுத்து அடுக்குவதில் அழிந்துவிடும். பழைய சரக்கு அடியிலேயே கிடந்து வண்டு விழும், புதுச் சரக்கு கப்பலேறிவிடும். ஒருநாள் அந்தப் பெண் மேஸ்திரியிடம் சொன்னார்: "மாசத்துக்கு ஒரு நிறத்துல நூல் கொடுங்க. இந்த மாசம் சிவப்பு, அடுத்த மாசம் பச்சை. தூரத்துல நின்னு பார்த்தாலே தெரிஞ்சிடும்."

அவ்வளவுதான் யோசனை. செலவு என்று பார்த்தால் சாய நூலுக்கும் வெள்ளை நூலுக்கும் உள்ள வித்தியாசம். முதலாளி கெட்டிக்காரர், காதில் விழுந்ததுமே பிடித்துக்கொண்டார். அடுத்த வாரமே நாலு நிறத்தில் நூல்கண்டு வந்து இறங்கியது. அந்த வருடம் வண்டு விழுந்து கழித்த மூட்டை பாதிக்குப் பாதி குறைந்தது. கழிவுக் கணக்கு எழுதியவன் நான்தான்.

வருடக் கடைசி விருந்தில் முதலாளி எழுந்து நின்று பேசினார். "இந்த நூல் யோசனை நம்ம மச்சான் மகனோடது" என்று அந்தத் தம்பியைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார். முதலாளி பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மேஸ்திரி தம்பியிடம் சொல்ல, தம்பி முதலாளியிடம் சொல்ல, வழியில் அந்தப் பெண் விழுந்துபோனார். தம்பியும் வாயைத் திறக்கவில்லை. கடைசி வரிசையில் அந்தப் பெண் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் உளுந்து அடுக்குக்கு மருந்து வைத்தோம். உங்களுக்குத் தெரியாததில்லை, மாத்திரையை உள்ளே வைத்து, மேலே பாய் போட்டு மூடி, ஓரமெல்லாம் மணல் மூட்டை வைத்து, ஒரு வாரம்போல் காற்றுப் போகாமல் விட வேண்டும். அப்போதுதான் அந்தப் பாஸ்பீன் வாயு உள்ளே தங்கி வண்டையும் முட்டையையும் கொல்லும். எங்காவது கிழிசல் இருந்தால் வண்டும் சாகாது, பக்கத்தில் நிற்கிற ஆளுக்கும் ஆபத்து. எங்கள் பாயின் ஒரு மூலையில் முழ நீளத்துக்குக் கிழிசல் இருந்தது. பாயை எடுத்தபோது வண்டுகள் உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தன. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பாயைப் போன தடவை மடித்து வைத்தது அந்தப் பெண்தான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கிழிசல் தெரியும் என்றார். அப்புறம் ஏன் சொல்லவில்லை? "ஆனாடே" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

இந்த ஊரில் பிறந்த நமக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்த் தமிழர்கள் படித்தால் அவர்களுக்காக: 'ஆ' என்றால் பலம், 'னா' என்றால் வலி. அடுத்தவருக்குச் சங்கடம் வந்துவிடுமோ, பெரியவர் முகம் வாடிவிடுமோ என்று மனசு கூசி வாயை மூடிக்கொள்வதற்குப் பர்மியர்கள் வைத்திருக்கும் பெயர் அது. மரியாதைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவை பட்டவர் சொல்லும்போது அந்த மரியாதைக்குள் வேறொன்றும் ஒளிந்துகொள்கிறது. நம் பக்கத்தில் அதையே "ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்று கொஞ்சம் கசப்பாகவே சொல்லி வைத்தார்கள்.

நம் முன்னோர் இதே ரங்கூனில் எப்படித் தொழில் பண்ணினார்கள் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மொகல் தெருவில் செட்டியார் கிட்டங்கிகள், அதாவது வட்டித் தொழில் நடத்திய கட்டடங்கள், இருந்த காலத்தில் முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், இங்கே மேலாள் இருப்பார். மேலாளுக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாளை மூன்று வருடக் கணக்குக்கு அனுப்பி, பவர் பத்திரமும் கையில் கொடுத்துவிடுவார்கள். யாருக்குக் கடன் கொடுப்பது, என்ன வட்டி, எந்த ஊரில் கடை போடுவது என்பதெல்லாம் அவர் பாடு. கடிதம் போட்டுப் பதில் வரக் காத்திருந்தால் நெல் அறுவடையே முடிந்துவிடும்.

அது கண்ணை மூடிக்கொண்டு வைத்த நம்பிக்கை இல்லை. ஐந்தொகை, அதாவது வரவு, கடன், இருப்பு எல்லாம் காட்டும் கணக்கு, தவறாமல் ஊருக்குப் போகும். மூன்று வருடம் முடிந்ததும் அடுத்த மேலாள் வந்து பழைய கணக்கைப் பார்த்துத்தான் பொறுப்பெடுப்பார். கணக்கு கறாராக இருந்ததால்தான் கையைத் தாராளமாக விட முடிந்தது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான். பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி வந்தவர் பிற்பாடு சொந்த விலாசம் போட்டுத் தொழில் நடத்திய கதை எத்தனையோ வீட்டில் உண்டு.

அந்த நம்பிக்கை ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றியது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொந்த ஊர், சொந்த சாதி, அதைத் தாண்டி வெளியே வரவில்லை. 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல், 1938இல் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. அத்தனை நிலத்தையும் உழுத பர்மியக் குடியானவனுக்கு நாம் யாரோவாகத்தான் இருந்தோம். பிறகு வந்ததெல்லாம் நமக்குத் தெரியும். அந்தக் கணக்கை இன்று திறக்க வேண்டாம். இன்றைக்கு உங்கள் குடோனில் மூட்டை தூக்குகிறவர்களில், சாக்குத் தைக்கிறவர்களில் பாதிக்கு மேல் யார் என்று மட்டும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் ஏன் குடும்பத்துக்கு வெளியே யாரையும் நம்புவதில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருடம் 50 சாட், 100 சாட் நோட்டு செல்லாது என்றார்கள். 1985இல் ஒரு தடவை, 1987இல் இன்னொரு தடவை நோட்டு போயிற்று. என் அப்பா 75 சாட் நோட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் சாகும்வரை வைத்திருந்தார், ஏன் என்று கேட்டால் சிரிப்பார். அப்படிப்பட்ட ஊரில் உங்கள் தாத்தா பெட்டிச் சாவியை இடுப்பை விட்டு அவிழ்க்கவில்லை என்றால் அதில் தப்பே இல்லை. பணப்பெட்டிக்குப் போட்ட அந்தப் பூட்டு வேலையாட்களின் வாய்க்கும் சேர்ந்து விழுந்துவிட்டது, அதுதான் என் வருத்தம்.

2017 தொடக்கத்தில் எங்களிடம் பில் போடுகிற பையன் ஒருவன் இருந்தான். "உளுந்து முழுக்க ஒரே நாட்டுக்குத்தான் போகுது. கொஞ்சம் பணத்தைப் பாசிப்பயறுல போட்டா சீனாவுக்கும் விக்கலாமே" என்று ஒருநாள் மெல்லச் சொன்னான். "பில்லை ஒழுங்காப் போடு, வியாபாரம் நாங்க பார்த்துக்கறோம்" என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தோம். ஆகஸ்டில் இந்தியா துவரை, உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு அளவு வைத்தது. விலை எப்படி விழுந்தது என்று இந்த மடலைப் படிக்கிற யாருக்கும் நினைவிருக்கும். அவன் ஜோசியன் இல்லை. பாசிப்பயறுக்கும் அளவு வைத்தார்கள் என்பதால் அவன் சொன்னபடி செய்திருந்தாலும் கொஞ்சம் அடி விழுந்துதான் இருக்கும். என் மனசில் நிற்பது வேறு. அதற்குப் பிறகு இரண்டு வருடம் எங்களோடு இருந்தும் அவன் ஒரு யோசனையும் சொல்லவில்லை. பில்லை மட்டும் ஒழுங்காகப் போட்டான். இப்போது பாங்காக்கில் இருக்கிறான். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவையை அறிவித்த பிறகு இன்னும் எத்தனையோ பேர் கிளம்பிவிட்டார்கள். இருக்கிற கொஞ்சம் பேரையாவது பேச விடுங்கள்.

பிசகு நடந்தால் சம்பளத்தில் பிடிப்பது நம்மிடம் பரம்பரை வழக்கம். எடை தவறினால் பிடிப்பு, சீட்டு தவறினால் பிடிப்பு. அதனால் பிசகு குறைந்ததாக நான் எழுதிய எந்தக் கணக்கிலும் இல்லை. மறைப்பதுதான் கூடியது. எமி எட்மண்ட்சன் என்று ஹார்வர்டில் ஒரு பேராசிரியை. 1990களில் ஆஸ்பத்திரிகளில் மருந்து மாறிப் போகிற தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக வேலை செய்கிற குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு அங்கேதான் அதிகமான தவறுகள் பதிவாகியிருப்பது தெரிந்தது. அங்கே தவறு அதிகமாக நடந்தது என்பதில்லை, நடந்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இதைப் படித்தபோது எனக்கு அந்தக் கிழிந்த பாய்தான் கண்ணுக்கு வந்தது. அன்றைக்கு நடந்த பிசகை அன்றைக்கே சொன்னவன் சம்பளத்தில் ஒரு சாட்டும் பிடிப்பதில்லை என்று ஒரு வருடம் வைத்துப் பாருங்கள். மறைத்தவனிடம் பிடியுங்கள், அதற்கு நானே கணக்கு எழுதித் தருகிறேன்.

இன்னொன்று, கொஞ்சம் கூச்சமான விஷயம். பர்மிய ஆட்களை நிற்க வைத்துக்கொண்டே நாம் நமக்குள் தமிழில் பேசிக்கொள்கிறோம். பேசுவது பெரும்பாலும் மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். நிற்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? தன்னைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொள்வார். நம் முன்னால் இரண்டு பேர் புரியாத பாஷையில் பேசிச் சிரித்தால் நாமும் அப்படித்தான் நினைப்போம். வேலை நேரத்தில், வேலையைப் பற்றி, எல்லோருக்கும் புரிகிற பாஷையில் பேசினால் தமிழ் ஒன்றும் தேய்ந்துவிடாது. கோயிலிலும் வீட்டிலும் பேசத் தமிழ் நிறையவே மிச்சம் இருக்கிறது.

30 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் உட்கார்ந்து பேச ஒரு குழு வேண்டும் என்று 2012ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. நான் பார்த்த இடங்களில் அது ஃபைலோடு நின்றது. சட்டத்தை விடுங்கள். காலையில் எல்லோருக்கும் டீ வருகிறதே, அந்தப் பத்து நிமிடம் போதும். கடைசியாகச் சேர்ந்த ஆள் முதலில் பேசட்டும், அப்புறம் மேஸ்திரி, எல்லாருக்கும் கடைசியில் நீங்கள். நீங்கள் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் பேச ஒன்றும் இருக்காது, "ஆமாங்க முதலாளி"தான் இருக்கும். சொன்னதை ஒரு நோட்டில் யார் சொன்னது என்ற பெயரோடு எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள். முடியாது என்றாலும் சரி, ஏன் முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அவர் மறுபடியும் வருவார். என் இரண்டாவது முதலாளி ஒருவருக்கு அப்படிப் பதில் சொல்லி நான் பார்த்திருக்கிறேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா கரண்டு இல்லாத ஊர்ல இந்த மெஷினை வச்சு என்ன பண்றது?" என்றார். சொன்னவர் கோபப்படவில்லை. பத்து நாள் கழித்துக் கையால் சுற்றுகிற சல்லடை ஒன்றைப் படம் வரைந்து கொண்டுவந்தார்.

மேஸ்திரிக்குக் கேட்காமலே செலவு பண்ண ஒரு சிறு தொகையும் ஒதுக்கி வையுங்கள். கிழிந்த பாயை ஒட்ட, உடைந்த பலகையை மாற்ற, ஒரு முப்பதாயிரம் சாட். மாதக் கடைசியில் சீட்டோடு கணக்குக் கேளுங்கள். அன்றைய மேலாளுக்குக் கொடுத்த பவர் பத்திரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை இது.

கடைசியாக, முதலில் சொன்ன அந்தக் குடோன் முதலாளிக்கு. இதைப் படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். போன வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். உங்கள் குடோனில் இன்னும் மாதத்துக்கு ஒரு நிறத்தில்தான் நூல் போகிறது. இந்த மாதம் நீலம். அவரும் அங்கேதான் இருக்கிறார், இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் வாசல் பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கப்பிள்ளைகளில் ஒருவன்
ரங்கூன்