பெரியவர்களுக்கும் ஓவியம் கற்க ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓவியம் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நெடுநாள் ஆசையால், கடந்த கோடை விடுமுறையில் எங்கள் ஊரில் நடந்த பயிற்சி முகாம்கள் மூன்றில் விசாரித்தேன். மூன்று இடங்களிலும் முதலில் கேட்ட கேள்வி, "பேரனுக்கா, பேத்திக்கா?" என்பதுதான். எனக்காகத்தான் என்று சொன்னதும், பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துவதில்லை என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வயது 61. முப்பத்து நான்கு ஆண்டுகள் அலுவலகத்தில் கணக்குப் பதிவேடுகளை எழுதி ஓய்வு பெற்றவள்.

எங்கள் கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னையில், 1850-ஆம் ஆண்டு மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியின் வழிவந்த கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அவை பட்டம் பெற வரும் இளைஞர்களுக்கானவை. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் மாவட்டந்தோறும் நல்ல பணி செய்கின்றன. ஆனால் அவை 5 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானவை. பதினாறு வயதைக் கடந்துவிட்ட, ஓவியத்தைப் பிழைப்பாகக் கொள்ளும் எண்ணமில்லாத, ஆனால் தன் வீட்டு முற்றத்தையும் தன் தாயின் முகத்தையும் ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிற ஒருவர் எங்கே போவது என்பதுதான் என் கேள்வி.

"அதெல்லாம் பிறவியிலேயே வர வேண்டும்" என்று பலர் சொல்கிறார்கள். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, செம்பருத்திப் பூ வரைந்திருந்த என் நோட்டில் பெருக்கல் குறி போட்டு, இவளுக்கு இது வராது என்று வகுப்பின் முன்னால் சொன்னவரும் அப்படித்தான் நம்பியிருக்க வேண்டும். நானும் ஐம்பது ஆண்டுகள் அதை நம்பினேன். ஆனால், நம் எல்லோருக்கும் முதலடி மட்டும் நினைவிலிருக்கும் "சித்திரமும் கைப்பழக்கம்" என்ற ஔவையார் தனிப்பாடலை முழுவதும் படித்துப் பார்த்தால், சித்திரத்தையும் செந்தமிழையும் கல்வியையும் பழக்கத்தால் வருபவை என்று ஒரு பக்கம் வைத்துவிட்டு, நட்பையும் தயையையும் கொடையையும் மட்டுமே அது பிறவிக் குணம் என்கிறது.

என் அனுபவத்தில் கைப்பழக்கம்கூட இரண்டாவதுதான்; கண்ணால் சரியாகப் பார்க்கப் பழகுவதே முதலாவது. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் குடியிருக்கிறார். முகாம்களில் இடமில்லை என்றானபின் அவரிடம் போய்க் கேட்டேன். முதல் நாள் ஒரு பித்தளைச் சொம்பை முக்காலியின் மேல் வைத்து வரையச் சொன்னார். நான் வரைந்த சொம்பின் வாய் ஏறத்தாழ முழு வட்டமாகவும், அடிப்பகுதி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராகவும் இருந்தது. அவர் அதைத் திருத்தவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து, என் கண் மட்டத்துக்குக் குனிந்து பார்த்துவிட்டு, பென்சிலைப் பிடித்துக் கையை முழங்கை மடங்காமல் நீட்டச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சொம்பு வாயின் அகலத்தைப் பென்சில் முனைக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் அளக்கச் சொன்னார். அகலம் பென்சிலில் பாதி வந்தது. பிறகு அதே வாயின் உயரத்தை அளந்தேன். ஒரு நகக்கண் அளவுதான் இருந்தது. சொம்பின் வாய் வட்டம் என்பது எனக்குத் தெரிந்த செய்தி. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அது மெலிந்த நீள்வட்டமாகத்தான் தெரிந்தது. அடிப்பகுதியோ, கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், வாயைவிடக் கூடுதலாக வளைந்து தெரிந்தது. சமமான பலகையின் மேல் இருப்பதால் அடி நேராகத்தான் இருக்க வேண்டும் என்று என் மனம் முடிவு செய்து கையை நடத்தியிருக்கிறது.

அந்தச் சொம்பை மட்டும் மூன்று வாரங்கள் வரைந்தேன். அதற்குப் பிறகு முகம் வரையத் தொடங்கியபோதும் இதே பாடம்தான். உச்சந்தலையிலிருந்து முகவாய்க்கட்டை வரை அளந்தால் கண்கள் சரிபாதியில் இருக்கின்றன. புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் நெற்றியைச் சுருக்கிக் கண்களை மேலே ஏற்றிவிடுகிறோம், ஏனென்றால் நாம் ஒருவரைப் பார்க்கும்போது கண்ணையும் வாயையும் பார்க்கிறோமே தவிர நெற்றியையும் உச்சியையும் பார்ப்பதில்லை.

கைத்திறனில் எங்கள் தெருப் பெண்கள் யாருக்கும் குறைவில்லை. மார்கழியில் பதினைந்து புள்ளியில் தொடங்கி இடைப்புள்ளி வைத்து எட்டில் முடித்து, பிசிறில்லாமல் மாக்கோடு இழுக்கிற என் அண்டை வீட்டுப் பெண்மணி, ஓவியம் என்றதும் "எனக்கு ஒரு கோடு இழுக்க வராது அக்கா" என்கிறார். அவருக்கு வேண்டியது, எதைப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று காட்டுகிற ஒருவர் மட்டுமே. இந்த ஊரின் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலு அவர்கள், பக்கவாதத்தால் வலது கை செயலிழந்த பிறகு இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். அறுபது ஆண்டுக் காலம் பழகிய கையை இழந்த பின்னும் அவர் ஓவியராகவே இருந்தார் என்பதை எண்ணும்போதெல்லாம், பார்வையில்தான் இந்தக் கலை குடியிருக்கிறது என்ற எண்ணம் எனக்கு உறுதிப்படுகிறது.

கைப்பேசியில் ஆயிரம் காணொளிகள் இருக்கும்போது வகுப்பு எதற்கு என்று கேட்கலாம். நானும் முகாம்களில் இடம் கிடைக்காத நாட்களில் அவற்றைப் பார்த்து வரைந்தேன். அதில் கை ஓரளவு இளகியது உண்மை. ஆனால் புகைப்படத்தையோ காணொளியையோ பார்த்து வரையும்போது, கனமுள்ள ஒரு பொருளைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவரும் வேலையைக் கேமரா முன்னமே முடித்துவிடுகிறது. தொடக்க நிலையில் இருப்பவர் கற்க வேண்டிய வேலையே அதுதான். காணொளியில் வருபவருக்கு என் முக்காலியும் என் சொம்பும் தெரியாது. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்து பார்க்க அவரால் முடியாது. முகாம்களில் பிள்ளைகளுக்கு அச்சிட்ட படங்களைக் கொடுத்து வண்ணம் நிரப்பச் சொல்வதைப் பற்றியும் எனக்கு இதே வருத்தம் உண்டு. வண்ணம் தீட்டாத கோட்டோவியத்துக்குப் "புனையா ஓவியம்" என்று நெடுநல்வாடைக் காலத்திலேயே பெயர் வைத்திருந்தவர்கள் நாம். தொடக்கத்தில் சில மாதங்களுக்காவது ஒரு 2பி பென்சிலும் வெள்ளைத் தாளும் போதும்.

ஆகவே அரசுக்கும் நூலகத் துறைக்கும் தங்கள் இதழ் வழியாக ஒரு கோரிக்கையை வைக்கிறேன். மாவட்ட மைய நூலகங்களிலோ, சிறுவர் வகுப்பு இல்லாத நேரத்தில் ஜவகர் சிறுவர் மன்றங்களிலோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் பெரியவர்களுக்கான தொடக்கநிலை ஓவிய வகுப்பை நடத்த வேண்டும். இதற்குக் கரும்பலகையோ திரையோ தேவையில்லை. நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு சொம்போ பூசணிக்காயோ, அதைச் சுற்றி உட்கார்ந்து பார்க்க நாற்காலிகள் இருந்தால் வகுப்பைத் தொடங்கிவிடலாம். கற்பிக்க ஆட்களும் நம்மிடம் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை என்று அமர்த்தப்பட்டு, பணி நிரந்தரம் கேட்டு நெடுங்காலமாகப் போராடி வருகிற அவர்களுள் ஓவியம் கற்பிப்பவர்களுக்கு இந்த வகுப்பை உரிய ஊதியத்துடன் ஒப்படைக்கலாம். அவர்களின் நிரந்தரக் கோரிக்கைக்கு இது மாற்றாகிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வருகிறவர்களிடம் சிறு கட்டணம் வாங்கினாலும் தவறில்லை. போட்டி, பரிசு, சான்றிதழ் எதுவும் வேண்டாம். வயது வரம்பு மட்டும் வைக்காதிருக்க வேண்டும்.

எங்கள் தெரு ஓவிய ஆசிரியர், வாரத்தில் ஒரு நாள் ஊதியம் இல்லாமலே வந்து கற்றுத்தரத் தயாராக இருக்கிறார். இப்போது அவர் வீட்டுத் திண்ணையில்தான் வகுப்பு நடக்கிறது. திண்ணையில் நான்கு பேர்தான் உட்கார முடியும். கற்க விரும்பிக் கேட்டிருப்பவர்கள் ஒன்பது பேர்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர்,
கும்பகோணம்.