சிப்பருக்குப் போகும் முன்

அன்புள்ள தேன்மொழி,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீராவைக் கூட்டிக்கொண்டு சிப்பருக்கு, அதாவது பொரித்த மீனும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் விற்கும் கடைக்கு, போகப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல நாளாகத்தான் பார்த்திருக்கிறாய். வெள்ளியன்று இறைச்சியை விலக்கி மீன் சாப்பிடும் கத்தோலிக்க வழக்கம் வேரோடிய ஊர் அயர்லாந்தின் டப்ளின். அன்றைக்குக் கடையில் கூட்டம் இருக்கும். கூட்டம் இருந்தால் ஃபிரையரிலிருந்து, அதாவது பொரிக்கும் எண்ணெய்த் தொட்டியிலிருந்து, எடுத்த மீன் கண்ணாடிப் பெட்டியில் தங்காமல் நேரே கைக்கு வரும். வரிசை நீளமாக இருக்கிறதே என்று பக்கத்துக் காலிக் கடைக்குள் நுழைந்துவிடாதே.

மீரா சைவம் என்பதால் முதலில் எண்ணெயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அங்கே சில பழைய கடைகள் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பவை. வெர்பர்க் தெருவில் 1913-இல் தொடங்கிய லியோ பர்டாக் அதற்குப் பேர்போனது. அப்படிப்பட்ட கடையில் சிப்ஸும் அதே கொழுப்பில்தான் வேகும். வேறு பல கடைகளில் பாமாயில் அல்லது வேறு தாவர எண்ணெய். காகிதத்தில் படிந்ததைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதே, மாட்டுக் கொழுப்பும் பாமாயிலும் ஆறினால் வெளுத்து உறையும். 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைக் கடைக்காரர்கள் எழுத்தில் காட்டியாக வேண்டும் என்று அங்கே சட்டம் உண்டு, ஆனால் மாட்டுக் கொழுப்பு அந்தப் பட்டியலில் வராது. அதனால் எதில் பொரிக்கிறீர்கள், மீனுக்கும் சாசேஜுக்கும் சிப்ஸுக்கும் ஒரே ஃபிரையரா என்று இரண்டையும் வாய்விட்டுக் கேள். சரியான பதில் வரவில்லை என்றால் மீராவுக்கு எதுவும் வாங்க வேண்டாம். ஸ்பைஸ் பர்கர் என்ற பெயர் அவளை ஏமாற்றிவிடும், அதில் மாட்டிறைச்சி கலந்திருக்கும். டாக்கோ சிப்ஸின் மேலே போடுவதும் மாட்டுக் கொத்துக்கறிதான்.

உனக்கு மீன். முதல் தடவை என்றால் காட் வாங்கு. சதை தடிமன், முள் தொல்லை குறைவு. ஹாடக் அதைவிடக் கொஞ்சம் இனிப்பாக இருக்கும். ஸ்மோக்டு காட், அதாவது புகையூட்டிய காட், ஏற்கெனவே உப்பேறியது, மேலே உப்புத் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடு. என்னைக் கேட்டால் ரே வாங்கச் சொல்வேன். அது நம் திருக்கை இனம், டப்ளின்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். நடுவில் குருத்தெலும்பு வரிவரியாக ஓடும். தடித்த ஓரத்தில் முட்கரண்டியை வைத்து மெல்லிய ஓரத்தை நோக்கி வழித்தால் சதை இழை இழையாகக் கழன்று வரும். பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கம். திருக்கையின் உடம்பில் யூரியா உண்டு, மீன் பழசானால் அது அமோனியாவாக மாறும். பிட்டதும் மூக்கில் அந்த நெடி ஏறினால் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் திருப்பிக் கொடு.

மீன் தயாராக இருக்கிறது என்று பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால், புதிதாகப் பொரித்துத் தரச் சொல். தடிமனான காட் துண்டுக்கு 180 டிகிரியில் ஆறேழு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான் காத்திருப்பு. மேல்மாவைப் பிட்டுப் பார். வெளியே மொறுமொறுப்பு, அதை ஒட்டி ஒரு மெல்லிய படலம், உடனே வெள்ளை மீன் என்று இருக்க வேண்டும். நடுவில் பிசுபிசுவென்று வேகாத மாவு தெரிந்தால், கரைசல் கெட்டியாக இருந்திருக்கும் அல்லது எண்ணெய் சூடு போதாது. மாவு சட்டையாகக் கழன்று வந்தால், மீனை ஈரம் ஒற்றி எடுத்து உலர்மாவில் புரட்டாமல் கரைசலில் தோய்த்திருக்கிறார்கள். கருத்துப்போய்க் காறல் வாடை அடித்தால் எண்ணெய் மாற்றி வெகுநாளாகிறது, அந்தக் கடைக்கு மறுபடி போகாதே.

சிப்ஸ் விரல் தடிமனில் இருக்கும். மெல்லிய வறுவலின் மொறுமொறுப்பை எதிர்பார்க்காதே. ஓரங்கள் மட்டும் லேசாக மொறுமொறுத்து, உள்ளே மாவாக உதிர வேண்டும். உருளைக்கிழங்கைக் கடும் குளிரில் சேமித்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும், அப்போது வேகும் முன்பே சிப்ஸ் பழுப்பேறிக் கசக்கும். கோடையில் புதுக்கிழங்கு வரும்போது அதில் தண்ணீர் அதிகம், நல்ல கடையில்கூடச் சிப்ஸ் கொஞ்சம் துவண்டுதான் இருக்கும். அளவோ தாராளம், இரண்டு பேருக்கு ஒரு பொட்டலம் சிப்ஸ் போதும்.

பொட்டலம் கட்டும் முன் உப்பு, வினிகர் வேண்டுமா என்று கேட்பார்கள். சிப்ஸுக்கு மட்டும் போடச் சொல், முதலில் வினிகர், பிறகு உப்பு. மாற்றிப் போட்டால் உப்பெல்லாம் கழுவிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். மீன்மேல் வினிகர் விழுந்தால் மேல்மாவு நமத்துப் போகும். அதற்கு எலுமிச்சையோ டார்டார் சாஸோ தனியாக வாங்கு. கறி சாஸ் நம் குழம்பு கிடையாது. இனிப்பாக, கொழகொழவென்று இருக்கும், எனக்கு அது தேவைப்படாத செலவு.

பெயர்ப் பலகைகளில் போர்ஸா, மகாரி, கஃபோல்லா என்று இத்தாலியப் பெயர்களாக இருக்கும். ரோமுக்குத் தென்கிழக்கே மலையில் உள்ள காசலாட்டிகோ என்ற சின்ன ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த குடும்பங்கள் அவை. தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலில் இருப்பவர்கள். கல்லாவில் நிற்கும் பெரியவரிடம் இன்று எந்த மீன் நன்றாக வந்திருக்கிறது என்று கேள். மெனு அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட அந்தப் பதிலை நம்பலாம்.

கையில் வாங்கியதும் பையின் வாயைத் திறந்து வை. மூடினால் உள்ளிருக்கும் ஆவியே எல்லாவற்றையும் நமத்துப்போகச் செய்துவிடும். பஸ் ஏறி வீட்டுக்குக் கொண்டுபோகும் உணவு இல்லை இது. வெர்பர்க் தெருவில் வாங்கினால் செயின்ட் பேட்ரிக் பூங்கா ஐந்து நிமிஷ நடைதான். டப்ளினை ஒட்டிய ஹோத் துறைமுகத்தில் வாங்கினால் சுவரை ஒட்டி உட்கார்ந்து பொட்டலத்தை மடியில் வைத்துக்கொள், சீகல் என்ற கடற்பறவைகள் பின்னாலிருந்து பாய்ந்து முழு மீனையும் தூக்கிவிடும்.

மிச்சம் இருந்தால் மைக்ரோவேவில் வைக்காதே. ஓவனை 200 டிகிரிக்குச் சூடாக்கி, தட்டில் இல்லாமல் கம்பி அடுக்கின்மேல் மீனை வை, எட்டு முதல் பத்து நிமிஷம். சிப்ஸ் மிஞ்சினால் அடுத்த நாள் வெங்காயம், பச்சைமிளகாயோடு முட்டையில் போட்டுக் கிளறிவிடு.

எந்தக் கடைக்குப் போனீர்கள், என்ன மீன் வாங்கினாய் என்று எழுது.

அன்புடன்,
அப்பா