'முடியாது' வேறு, 'முடியவில்லை' வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கணினிப் பக்கத்தில், "எரர் மெசேஜை நிதானமாகப் படித்தாலே பாதிப் பிரச்சினை தீரும், நம் ஆட்கள்தான் படிப்பதில்லை" என்று ஒரு வரி வந்திருந்தது. இருபது வருடமாக டேட்டாபேஸ் (தகவல்களை அடுக்கிவைக்கும் மென்பொருள்) வேலையில் இருப்பவன் நான். அந்த வரி மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அதில் ஏதாவது எழுதியிருந்தால்தானே ஐயா படிப்பதற்கு?

2014-ல் கிண்டியில் ஓர் அலுவலகம். மைக்ரோசாஃப்டின் SQL சர்வர் என்ற டேட்டாபேஸில் நாலாயிரம் பெயர்களைத் தமிழில் ஏற்றிக்கொண்டிருந்தோம். எழுத்து வெட்டுப்படும் என்று ஒரே ஒரு வரி வந்தது, எல்லாம் நின்றுவிட்டது. எந்த டேபிள் (அட்டவணை), அதில் எந்த ஃபீல்டு (கட்டம்), யாருடைய பெயர் என்று ஒரு வார்த்தை கிடையாது. டைப் செய்த பெண்ணை மேலாளர் எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்தார். ஃபைலைப் பாதியாக வெட்டி, அதையும் பாதியாக வெட்டி ஏற்றிப் பார்த்து, விடிகாலை நாலரை மணிக்குத்தான் ஆள் கிடைத்தார்: 'சுப்பிரமணியன் கிருஷ்ணமூர்த்தி'. நாம் எண்ணினால் 16 எழுத்து. ஃபீல்டில் 25-க்கு இடம் இருந்தது. ஆனால் மெய்ப்புள்ளி, உயிர்க்குறி ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் தனியாக எண்ணும். நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்தால் 29.

அந்தப் பெண் ஓர் எழுத்துக்கூடத் தப்பாக அடிக்கவில்லை. இதை அன்றே மேலாளரிடம் சொன்னேன். அவர் அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

அதே மென்பொருளின் 2019 பதிப்பில் டேபிள், ஃபீல்டு, வெட்டுப்படும் மதிப்பு மூன்றையும் சொல்லும்படி மாற்றினார்கள். ஆக, சொல்ல முடியாத விஷயம் இல்லை. ஆரக்கிள் என்ற இன்னொரு டேட்டாபேஸில் 12899 என்ற எண்ணோடு வரும் பிழை, வந்தது எவ்வளவு, இடம் எவ்வளவு என்பதுவரை சொல்லிவிடும்.

இன்னொன்று. ஒரு ரெக்கார்டைத் திருத்தச் சொன்னால் 'ஓகே' என்று முதலில் போட்டு, பக்கத்தில் '0 வரிகள்' என்று காட்டும் மென்பொருளும் உண்டு. ஒன்றுமே திருத்தப்படவில்லை என்று அர்த்தம். 'ஓகே'யை நம்பி வீட்டுக்குப் போன பையனுக்கு மறுநாள் மெமோ!

போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை எழுதுபவர்களுக்கு, எரர் மெசேஜ் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கென்றே விதிகள் இருக்கின்றன. முதல் வரி சுருக்கமாக, விவரம் தனியாக, என்ன செய்யலாம் என்ற குறிப்பு தனியாக. எப்போதுமே நடக்காத காரியத்துக்கு 'முடியாது' (ஆங்கிலத்தில் cannot), இந்தமுறை நடக்காமல் போனதற்கு 'முடியவில்லை' (could not). ஹார்ட் டிஸ்கில் இடமில்லாமல் போனால் அது 'முடியவில்லை'. இடம் செய்து கொடுத்தால் முடியும். நம் வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரிகிற வித்தியாசம் இது. ஆனால் நான் பார்த்த தமிழ் மென்பொருள்களில் இரண்டுக்கும் 'இயலாது' என்றே போட்டிருக்கிறார்கள். மறுபடி முயலலாமா, விட்டுவிடலாமா என்று எப்படித் தெரியும்?

கட்டுரையாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்தான். இனி எரர் மெசேஜ் எதையாவது அச்சிட்டால் அதன் எண்ணையும், கீழே உள்ள வரிகளையும் சேர்த்துப் போடுங்கள். சென்ற இதழில் எண்ணை விட்டுவிட்டீர்கள். தேடுகிறவனுக்கு அந்த எண் ஒன்றுதான் பிடி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
சைதாப்பேட்டை, சென்னை - 15.